தலைமேல் ஒரு தோட்டம்: 18ஆம் நூற்றாண்டு லண்டன் கேலிப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கொண்டையைச் சீவ ஒருவன் ஏணிமேல் ஏறி நிற்கிறான். கீழே இன்னொருவன், மாலுமிகள் சூரியனின் உயரத்தை அளக்கிற கருவியைக் கண்ணில் வைத்துக் கொண்டையின் உச்சியைக் குறிபார்க்கிறான். வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. கூடவே, "அந்தக் காலத்து வெள்ளைக்காரி அலங்காரத்தப் பாருங்க" என்று ஒரு வரி. அதைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

இது நிஜமாக நடந்ததா? யார் வரைந்த படம்?

நகைச்சுவைக்காக வரைந்து, கடையில் வைத்து விற்ற படம். லண்டனில் மேத்யூ டார்லி என்பவர் 1771 ஜூலையில் வெளியிட்டார். "கேலிக்குரிய ரசனை, அல்லது சீமாட்டிகளின் அபத்தம்" என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இந்த மாதிரிப் படங்கள் அந்தப் பத்து வருடத்தில் லண்டனில் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றை அந்தக் காலத்துப் புகைப்படம் போல நினைத்துப் பகிர்வது, இன்றைய வார இதழ் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு "2020களில் அரசியல்வாதிகளுக்கு மூக்கு முழங்கை நீளம் இருந்தது" என்று எழுதுவதைப் போன்றதுதான்.

'மக்கரோனி' படங்கள் என்கிறார்களே, அது சாப்பிடுகிற மக்கரோனியா?

அதே மக்கரோனிதான். பணக்கார வீட்டு ஆங்கிலேயப் பையன்கள் படிப்பு முடிந்ததும் பிரான்ஸ், இத்தாலி என்று ஒன்றிரண்டு வருடம் சுற்றிவிட்டு வருவது அப்போது வழக்கம். போன இடத்தில் மக்கரோனி சாப்பிட்டுப் பழகி, ஊர் திரும்பியதும் அதையே உயர்த்திப் பேசினார்கள். கூடவே அங்கத்திய உடையையும் முடியையும் கொண்டுவந்தார்கள். நீளச் சுருள்முடியும், கையில் பிடித்து உற்றுப்பார்க்கும் கண்ணாடியுமாகத் திரியும் வெளிநாடு போய்வந்த பையன்கள் சேர்ந்த 'மக்கரோனி கிளப்' என்று எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764இல் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். நம் ஊரில் ஆறு மாதம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் கல்யாணத்துக்கு வருவாரே, அந்த வகை.

1770 வாக்கில் இந்தச் சொல் கிளப்பை விட்டு வெளியே வந்து, மிகையாக உடுத்தும் எந்த ஆணுக்கும் பட்டப்பெயராகிவிட்டது. முன்தலையில் கோபுரம் போல ஏற்றிய டோப்பா, பிடரியில் கனமான சடைக் கட்டு, உச்சியில் வடை அளவுக்கு ஒரு தொப்பி, உடம்பைப் பிடிக்கிற கோட்டு, மார்பில் பெரிய பூங்கொத்து. படங்களில் மக்கரோனியைக் கண்டுபிடிக்க இவ்வளவு போதும். தொப்பி கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் வணக்கம் சொல்ல வாள் நுனியால்தான் அதைத் தூக்க வேண்டும் என்பது அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்த நகைச்சுவை.

'யாங்கி டூடுல்' என்ற அமெரிக்கப் பாட்டில் தொப்பியில் ஓர் இறகைச் செருகிக்கொண்டு அதை 'மக்கரோனி' என்று அழைத்தான் என வருகிற வரிக்கும் இதுதான் பொருள். பட்டிக்காட்டான் ஓர் இறகைச் செருகிக்கொண்டு லண்டன் பகட்டுக்காரன் ஆகிவிட்டதாக நினைக்கிறான் என்ற கிண்டல்.

டார்லி யார்?

மேத்யூ டார்லி மட்டும் என்று சொல்லக்கூடாது. மனைவி மேரி டார்லியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேத்யூ அடிப்படையில் செப்புத்தகட்டில் படம் செதுக்கும் தொழிலாளி. தாமஸ் சிப்பன்டேல் 1754இல் வெளியிட்ட புகழ்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பு நூலின் தகடுகளில் பெரும்பாலானவை இவர் கைவேலைதான். நாற்காலிக் கால் வளைவை நுணுக்கமாகச் செதுக்கிய அதே கை, பின்னாளில் கொண்டையின் வளைவுக்கு வந்தது.

மேரி 1762இல் கேலிச்சித்திரம் வரையக் கற்றுக்கொடுக்கும் சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அந்த வகையில் வந்த முதல் புத்தகங்களில் அது ஒன்று. தொழில் தந்திரமும் அதிலேயே இருக்கிறது: வரைய ஆசைப்படும் கனவான்கள், சீமாட்டிகள் தங்கள் கிறுக்கல்களைக் கொண்டுவரலாம், நாங்கள் தகட்டில் ஏற்றி அச்சிட்டுத் தருகிறோம் என்ற அழைப்பு. சரக்கும் வாடிக்கையாளரே கொடுப்பார், விற்ற படத்தையும் அவரும் அவர் நண்பர்களுமே வாங்குவார்கள். கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்களுடைய கடை ஸ்ட்ராண்ட் சாலையில் 39ஆம் எண். 1771 முதல் 1773 வரை, தொகுதிக்கு 24 படங்கள் என்று ஆறு தொகுதிகள் வெளியிட்டார்கள். 'குதிரைப் பந்தய மக்கரோனி', 'ராணுவ மக்கரோனி' என்று தொழிலுக்கு ஒரு மக்கரோனி. கேப்டன் குக்கோடு கப்பலேறி உலகம் சுற்றிவந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ்கூடத் தப்பவில்லை. 1772 ஜூலையில் வந்த 'பூச்சி பிடிக்கும் மக்கரோனி' அவர்தான். உலக உருண்டைகள் மேல் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். கடைக்கே 'மக்கரோனி படக்கடை' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதே மாதம் எட்வர்ட் டோப்பம் என்ற இளைஞர் அந்தக் கடை வாசலையே படமாக வரைய, டார்லி அதையும் அச்சிட்டு விற்றார். ஜன்னலின் கண்ணாடிக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு படம். வெளியே கூடி நின்று பார்க்கிறவர்கள் ஜன்னலில் இருப்பவர்களைப் போலவே இருக்கிறார்கள்.

எப்படி அச்சிட்டார்கள்? தேதியெல்லாம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது?

டார்லி கடையின் படங்கள் பெரும்பாலும் அமிலத்தால் அரித்தெடுத்தவை. செப்புத்தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. அதை ஊசியால் கீறி வரைவார்கள். கீறிய இடத்தில் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் அந்தக் கீறல்களை மட்டும் அது அரித்துப் பள்ளமாக்கும். மெழுகை எடுத்துவிட்டு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் படம் தாளில் ஏறிவிடும். இடவலம் மாறித்தான் பதியும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். அவசர வேலைகளில் இதில் பிசகு வருவதுண்டு.

இன்னொரு வகை மெசோடின்ட். தகடு முழுவதையும் பல்லுள்ள இரும்பால் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவது. வெல்வெட் மாதிரியான கறுப்பு கிடைக்கும். ஆனால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். செயின்ட் பால்ஸ் தேவாலய வளாகத்தில் 69ஆம் எண் கடை வைத்திருந்த காரிங்டன் பவுல்ஸ் விற்ற படங்களில் நிறைய இந்த வகை. வண்ணம் எல்லாமே தனித்தனியாகத் தூரிகையால் பூசியது. அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் பாவாடை ஒன்றில் பச்சை, இன்னொன்றில் ஊதா.

தேதிக்குக் காரணம் சட்டம். ஓவியர் வில்லியம் ஹோகார்த்தும் சகாக்களும் தங்கள் படங்களை மற்றவர்கள் திருடி அச்சிடுவதைத் தடுக்கப் போராடி, 1735இல் காப்புரிமைச் சட்டம் வாங்கினார்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் தகட்டிலேயே வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட நாளும் இருக்க வேண்டும். படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடும் அந்த வரிதான் இன்று நமக்கு நாள் கணக்குச் சொல்கிறது.

என்ன விலை? ஏழைகள் வாங்கினார்களா?

கறுப்பு வெள்ளையில் ஆறு பென்னி, வண்ணம் பூசியது ஒரு ஷில்லிங் (12 பென்னி) என்பது பரவலான விலை. லண்டனில் ஒரு கூலித்தொழிலாளிக்கு வாரம் முழுக்க உழைத்தால் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் கிடைக்கும். ஆகவே வாங்கியவர்கள் வசதியுள்ளவர்கள். மற்றவர்கள் ஜன்னலில் ஓசியில் பார்த்தார்கள். வாங்கியவர்கள் ஆல்பத்தில் ஒட்டினார்கள், தட்டிகளில் ஒட்டினார்கள். பிற்காலத்தில் பிக்கடிலியில் ஃபோர்ஸ் என்பவரின் கடை, படக்கட்டுகளை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கே விட்டது. விருந்துக்கு வந்தவர்கள் பொழுதுபோக வேண்டுமே!

முடி நிஜமாகவே அவ்வளவு உயரமா?

உயரம்தான்; ஆனால் அவ்வளவு இல்லை. அந்தக் காலத்து உருவ ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கணக்குக் கிடைக்கும். 1770களின் ஓவியங்களில் நெற்றிக்கு மேலே எழும் முடி முகத்தின் நீளத்துக்குச் சமமாக, சிலவற்றில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கேலிப்படத்தில் அதுவே நாலு முகம், ஐந்து முகம் உயரம் போகும். ஓவியர் முகஸ்துதி செய்யக் காசு வாங்கியவர், கேலிப்படக்காரர் மிகைப்படுத்தக் காசு வாங்கியவர். உண்மை ஓவியர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

1775 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா, பிரான்சில் ராணியாக இருந்த மகள் மரி அன்டொய்னெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நெற்றியிலிருந்து 36 அங்குல உயரத்துக்கு முடியை ஏற்றி, அதற்கும் மேல் இறகும் ரிப்பனும் வைக்கிறாயாமே என்று அதட்டுகிறார். பிரெஞ்சு அங்குலம் என்பதால் ஏறக்குறைய ஒரு மீட்டர்! ஆனால் அம்மாவும் நேரில் பார்த்து எழுதவில்லை. செய்தித்தாள்களில் வந்ததைத்தான் சொல்கிறார். மகளின் பதிலைப் படித்தால் எந்தக் காலத்து மகளும் இப்படித்தான் என்று தோன்றும்: அலங்காரத்தில் கொஞ்சம் கவனம் செலுத்துகிறேன் என்பது உண்மைதான், இறகு என்றால் எல்லோரும்தானே வைக்கிறார்கள்.

வண்டியில் ஏறுவது சிரமமாக இருந்தது என்பதற்குக் கேலிப்படத்தை நம்ப வேண்டியதில்லை. ராணியின் பணிப்பெண்ணாக இருந்த மதாம் காம்பானின் நினைவுக்குறிப்பிலேயே, சீமாட்டிகள் வண்டிக்குள் மண்டியிட்டோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியோ போனார்கள் என்று இருக்கிறது. 1776இல் டார்லி இதையே பிடித்துக்கொண்டு, வண்டியின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்துக் காட்டுவது போல ஒரு படம் போட்டார். உள்ளே இரண்டு சீமாட்டிகள், கூண்டுக்குள் கோழிகள் மாதிரி.

அந்தக் கொண்டையை எப்படித்தான் கட்டினார்கள்? டோப்பாவா?

ஆண்களுக்கு டோப்பா. பெண்களுக்குப் பெரும்பாலும் சொந்த முடி, கூடவே சவுரி. கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளியும் முடிவாள், கொண்டையும் போடுவாள் என்பது நம் ஊர்ப் பழமொழி. அங்கே கூந்தல் இல்லாத சீமாட்டிக்கும் வழி இருந்தது. கம்பளி, குதிரைமுடி, சணல் கழிவு இவற்றை அடைத்த ஒரு திண்டை உச்சந்தலையில் வைத்து, முன்முடியை அதன்மேல் வாரி ஏற்றுவார்கள். முடி நழுவாமல் இருக்க ஒரு பசை. அது பன்றி, மாடு, ஆட்டுக் கொழுப்பை உருக்கி வாசனை சேர்த்தது. அதன்மேல் மாவுத்தூள், அதாவது அரைத்துச் சலித்த ஸ்டார்ச். பசை இல்லாமல் மாவு ஒட்டாது, மாவு இல்லாமல் பசையின் பிசுபிசுப்புப் போகாது. பக்கவாட்டில் உருளைச் சுருள்கள், நிறைய ஊசிகள், கடைசியாக ரிப்பனும் இறகும்.

மணிக்கணக்கில் செய்த வேலையை ராத்திரியில் கலைக்க யாருக்கு மனம் வரும்? துணியால் சுற்றிக்கொண்டு படுத்து, சில வாரங்கள் அப்படியே வைத்திருந்தார்கள். அரித்தால் சொறிய நீளமான குச்சிகள் உண்டு. தந்தத்தில் செய்தவை இன்றும் அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. நம் பாட்டிகள் ஈர்கோலியைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்வது எவ்வளவோ மேல்.

தலைக்குள் எலி கூடு கட்டியதாமே?

கேலி எழுத்தாளர்களின் கைச்சரக்கு. பேன் இருந்தது, நாற்றம் இருந்தது. எலிக்கதையைச் சுற்றுலா வழிகாட்டிகளிடமே விட்டுவிடுவோம்.

தலையில் கப்பல் வைத்த படம்?

அது பிரான்ஸ். 1778 ஜூனில் 'பெல் பூல்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலேயக் கப்பலான 'அரெதூசா'வோடு மோதியது. பாரிசில் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். பாய்மரமும் கொடியுமாக ஒரு முழுக் கப்பல் கொண்டையில் மிதக்கும் படங்கள் அதையொட்டி வந்தவை. பாரிசில் அப்போது செய்தியைத் தலையில் சூடுவது ஒரு மோகம். 1774இல் மன்னர் 16ஆம் லூயி அம்மைக்குத் தடுப்புக் குத்திக்கொண்டபோது அதற்குக்கூட ஒரு கொண்டை வந்தது. தலைமுடிக்காரர் லெயோனார், உடையலங்காரம் செய்த ரோஸ் பெர்த்தன் ஆகிய இருவர் பெயரும் இதில் அடிபடும்.

இதில் ஒரு சிக்கல். பிரெஞ்சு அலங்கார மாதிரிப் படங்களுக்கும் கேலிப்படங்களுக்கும் இடையே கோடு போடுவது கஷ்டம். கப்பல் கொண்டை வாங்கிக்கொள்ளச் சொன்ன விளம்பரமா, பார்த்துச் சிரிக்கச் சொன்ன படமா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. ஒரு மாலை விருந்துக்குச் சின்னக் கப்பல் பொம்மையைச் செருகிக்கொண்டவர்கள் இருந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு தெருவில் காய்கறி வாங்கப் போயிருக்க மாட்டார்கள்.

1776இல் மட்டும் ஏன் இவ்வளவு படங்கள்?

முதல் காரணம் இறகு. பெரிய நெருப்புக்கோழி இறகுகளை டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா போன்றவர்கள் அணிய, ஊரே அதன் பின்னால் ஓடியது. இரண்டாவது காரணம், அதே சமயத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களோடு போர். கேலிப்படக்காரருக்கு இரண்டையும் ஒரே தகட்டில் போடத் தோன்றாமல் இருக்குமா?

1776 ஏப்ரலில் டார்லி கடையிலிருந்து 'பங்கர்ஸ் ஹில், அல்லது அமெரிக்காவின் தலையலங்காரம்' வந்தது. முந்தைய ஆண்டு ஜூன் 17இல் பாஸ்டன் அருகே நடந்த சண்டை ஒரு பெண்ணின் கொண்டையில் நடக்கிறது. மூன்று மண்கோட்டைகள், கூடாரங்கள், பீரங்கிப் புகை, சரிவில் ஏறும் படை. காதோரச் சுருள்களை அலைகளாக்கி அதில் கப்பல்கள். கோட்டைக் கொடிகளை உற்றுப் பார்த்தால் ஒன்றில் குரங்கு, ஒன்றில் வாத்து. அந்தச் சண்டையில் ஆங்கிலேயர்கள் குன்றைப் பிடித்தார்கள். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காயப்பட்டும் போனார்கள். ஓர் உச்சியைப் பிடிக்க இத்தனை விலையா என்பதைக் கொண்டை உச்சியில் வைத்துக் கேட்கிறது படம். வெறும் முடிக் கிண்டல் என்று இதைக் கடந்துபோகிறவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் படங்கள் பணக்காரர்களைத்தானே கிண்டல் செய்தன?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இந்தக் கேள்விதான். 'மக்கள் பக்கம் நின்று மேட்டுக்குடியைத் தோலுரித்த கலை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

1774இல் சேயர் அண்டு பென்னட் கடை வெளியிட்ட 'என்ன இது, என் மகன் டாமா?' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பட்டணத்துக்கு வந்த கிராமத்து அப்பா: குட்டையாக, தடியாக, சாதாரணக் கோட்டும் தொப்பியும். எதிரே பட்டணவாசியாகிவிட்ட மகன்: தலைமேல் ஓங்கி எழும் டோப்பா, அதன் உச்சியில் அந்த வடைத் தொப்பி. அப்பா கையிலிருக்கும் சாட்டைக் கம்பை நீட்டி மகனின் முடியைத் தொட்டுப் பார்க்கிறார். செத்த பாம்பைக் குச்சியால் புரட்டிப் பார்ப்போமே, அந்தப் பார்வை. கீழே உள்ள செய்யுள், நம் முன்னோர் உடையிலும் அறிவைக் காட்டினார்கள், இவன் எதைக் காட்டுகிறான் என்று புலம்பி, இப்படியே போனால் அடுத்த வருஷம் என்னாகுமோ என்று முடிகிறது.

டாம் பிரபு வீட்டுப் பையனே கிடையாது. குடியானவன் மகன். 1777 வாக்கில் இதற்குப் பெண்பாற் படமும் வந்தது: லண்டனிலிருந்து திரும்பிய குடியானவன் மகளின் கொண்டை, சமையலறை உத்தரத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. 1776இல் டார்லி வெளியிட்ட 'சமையற்காரி பெட்டியின் தலையலங்காரம்' இன்னும் நேரடி. அடுப்படிச் சாமான்களே கொண்டையில். சீமாட்டி தோட்டம் வைத்தால் இவள் வாணலி வைக்கட்டும் என்ற நக்கல்.

"இவளுக்கு எதுக்கு இந்தப் பவுசு?" எத்தனையோ படங்களுக்குக் கீழே ஓடுவது இந்த ஒரே வரிதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்வதன் லண்டன் அச்சு இது. கோமகள் இறகு வைத்தால் அது சற்று மிகையான ரசனை. அவளுடைய வேலைக்காரி வைத்தால் உலகம் தலைகீழாகப் போகிறது. இங்கிலாந்தில் பருத்தித் துணியும் ரிப்பனும் மலிவாகி, நல்ல சம்பளம் வாங்கும் பணிப்பெண் எஜமானியைப் போல உடுத்த முடிந்த காலம் அது. யார் எந்தப் படி என்பது உடையைப் பார்த்துத் தெரியாமல் போனதில் எழுந்த எரிச்சல் படங்களில் சிரிப்பாக வடிகிறது. நையாண்டி என்றாலே அடித்தட்டு மக்களின் குரல் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆறு பென்னி கொடுத்து இதை வாங்கியது யார் என்று யோசித்தால் போதும்.

மக்கரோனிகள் மீதான கிண்டலில் இன்னொன்றும் உண்டு: ஆணுமில்லை பெண்ணுமில்லை என்ற ஏச்சு. அன்றைய பத்திரிகைகள் அந்த வார்த்தைகளையே எழுதின. பிரெஞ்சு மோகம் பிடித்தவன் ஆண்மையற்றவன், ஆண்மையற்றவன் போரில் தோற்பான் என்று ஒரு கணக்கு. இன்று படித்தால் கசக்கிறது.

கேலி செய்யப்பட்டவர்கள் கோபப்படவில்லையா? ஃபேஷன் நின்றதா?

கேலி செய்யப்பட்டவர்களே கடைக்கு வந்து வாங்கினார்கள். சிலர் தாங்களே வரைந்தும் கொடுத்தார்கள். தன் படம் டார்லி ஜன்னலில் தொங்குவது ஒரு வகைப் பெருமையும்கூட.

நின்றதா என்றால், உடனே நிற்கவில்லை. எழுத்தாளர் ஹன்னா மோர் 1777இல் எழுதிய கடிதம் ஒன்றில், தன்னைப் பார்க்க வந்த பதினொரு இளம்பெண்களின் தலைகளிலும் சேர்த்து ஒன்றரை ஏக்கர் புதர், புல்தரை, துலிப் பாத்தி, காய்கறித் தோட்டம் எல்லாம் இருந்ததாகக் கிண்டல் செய்கிறார். அவருடைய நண்பரான நடிகர் டேவிட் காரிக் மேடையில் பெண் வேடத்தில் வரும்போது தொப்பி நிறையக் காய்கறிகளை வைத்து, இரண்டு பக்கமும் பெரிய கேரட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இதற்குப் பிறகும் சில வருடங்கள் கொண்டை இருந்தது. 1780களில் அது உயரத்தை விட்டு அகலத்துக்குப் போனதற்கு, எந்த ஃபேஷனும் சலித்துப்போகும் என்பதைத் தவிரப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

மாவுத்தூளை ஒழித்ததில் வரிக்குப் பங்கு உண்டு. 1795இல் பிரதமர் வில்லியம் பிட், முடிக்கு மாவு பூசிக்கொள்ள வருடத்துக்கு ஒரு கினி கட்டி உரிமச்சீட்டு வாங்க வேண்டும் என்று ஆக்கினார். கினி என்றால் 21 ஷில்லிங். பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. கோதுமைத் தட்டுப்பாடு வேறு. கட்டியவர்களுக்குக் 'கினிப் பன்றிகள்' என்று பட்டம் கிடைத்தது. எதிர்த்தவர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். அந்த மார்ச்சிலேயே கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே, கினியை மிச்சம்பிடிக்க மாவை விட்டுவிட்ட ஒரு குடும்பத்தின் மொட்டைக் கோலத்தைப் படமாக்கிவிட்டார்.

ஹோகார்த், கில்ரே எல்லாம் இதில் எங்கே வருகிறார்கள்?

ஹோகார்த் முன்னோடி. 1761இல் அவர் வெளியிட்ட 'ஐவகை டோப்பாக்கள்', கிரேக்கத் தூண்களை அளந்து வகைபிரிக்கும் கட்டடக்கலை ஆர்வலர்களைப் போல, புதிய மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் டோப்பாக்களை வகைபிரிக்கிறது. கில்ரே 1790களின் ஆள், கோடு வரைவதில் ராட்சசன். அவருடைய முக்கியமான களம் அரசியல். ஆனாலும் 1794 டிசம்பரில் வந்த 'ஃபேஷனைப் பின்பற்றுதல்' படத்தில் மெலிந்த பிரபு வீட்டுப் பெண்ணையும், அதே உடையைப் போட்டுக்கொண்ட பருத்த கடைக்காரர் மனைவியையும் அருகருகே நிறுத்துகிறார். இருபது வருடம் கழித்தும் அதே "இவளுக்கு எதுக்கு?"

நேரில் அல்லது இணையத்தில் எங்கே பார்க்கலாம்?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் பெரிய சேகரம் இருக்கிறது, இணையத்தில் தேடலாம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபார்மிங்டன் ஊரில் யேல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வால்போல் நூலகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இரண்டிலும் பெரிய அளவுப் படங்களை இறக்கிக்கொள்ளலாம். பகிரும்போது வெளியிட்டவர் பெயரையும் தேதியையும் வெட்டாமல் பகிருங்கள்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

'பூந்தோட்டம்', டார்லி, 1777. போனில் முதலில் திறந்தபோது பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண் முகமும் பெரிய கொண்டையும்தான் எனக்குத் தெரிந்தன. இதில் என்ன புதுசு என்று மூடப்போனேன். பிறகு விரலால் பெரிதாக்கினேன். கொண்டை உச்சியில் வேலி போட்ட தோட்டம். ஒழுங்காக வெட்டிய பாத்திகள், நடுவே நடைபாதை, ஓரத்தில் சின்ன மண்டபம், அதன்மேல் மெர்க்குரி சிலை. பாத்திக்கு நடுவே விரல் நகம் அளவுக்கு ஒரு தோட்டக்காரன், வேலையில் மும்முரமாக இருக்கிறான். கீழே இருக்கிற முகத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரிந்த மாதிரியே இல்லை.